டோர்காவில் கைகுலுக்கியவர்கள் பெர்லினில் முறைத்துக்கொண்டது எப்படி?

கதிரவன்:

வணக்கம். 1945 ஏப்ரல் 25இல் எல்பே ஆற்றங்கரையில் டோர்காவ் என்ற ஊரருகே அமெரிக்கப் படையும் சோவியத் படையும் சந்தித்தன. இடிந்த பாலத்தின்மேல் நின்று கைநீட்டும் அந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். 1948 ஜூன் 24இல் அதே சோவியத் படை, அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ் வசமிருந்த மேற்கு பெர்லினுக்குப் போகும் ரயிலையும் சாலையையும் அடைத்துவிட்டது. இடையில் 38 மாதம்தான்.

1945 பிப்ரவரியில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட், பிரிட்டிஷ் பிரதமர் சர்ச்சில், சோவியத் தலைவர் ஸ்டாலின் மூவரும் யால்டாவில் கூடிப் பேசினார்கள். நான் படித்ததில் பாதிப் பேர் "யால்டாவில் ரூஸ்வெல்ட் ஏமாந்தார்" என்கிறார்கள். மீதிப் பேர் "ஸ்டாலின் முதல் நாளிலிருந்தே திட்டம் போட்டிருந்தார்" என்கிறார்கள். இரண்டுமே கொஞ்சம் சுலபமான பதிலாகத் தெரிகிறது. போர் நடந்துகொண்டிருந்தபோதே விரிசல் இருந்ததா, ஜெர்மனி தோற்ற பிறகு வந்ததா? அது ஐரோப்பாவின் பாதுகாப்பை எந்த இடத்தில் பாதித்தது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ராஜமாணிக்கம்:

தம்பி, சுற்றி வளைக்க வேண்டாம். ரூஸ்வெல்ட் உடம்பு சரியில்லாமல் யால்டா போனார், போலந்தை விற்றுவிட்டு வந்தார், ஏப்ரல் 12ஆம் தேதி இறந்தும் போனார். பின்னால் வந்த ட்ரூமன் முரட்டு ஆள். அவ்வளவுதான் கதை.

செல்வநாயகம்:

ராஜமாணிக்கம் அண்ணே, விற்க வேண்டுமென்றால் பொருள் கையில் இருக்க வேண்டுமே! யால்டா மாநாடு 1945 பிப்ரவரி 4இல் தொடங்கியபோது போலந்தின் பெரும்பகுதி சோவியத் செஞ்சேனையிடம். அதன் முன்னணி ஓடர் ஆற்றங்கரையில், பெர்லினிலிருந்து 70 கிலோமீட்டருக்குள். மேற்கத்தியப் படைகள் இன்னும் ரைன் ஆற்றையே தாண்டவில்லை. போதாக்குறைக்கு ஜப்பானுக்கு எதிராக ஸ்டாலின் போரில் இறங்க வேண்டும் என்று ரூஸ்வெல்ட் கேட்டுக்கொண்டிருந்தார்.

கதிரவன் தம்பி கேட்டதற்கு வருகிறேன். (டோர்காவ் படம் மறுநாள் படக்காரருக்காகத் திரும்ப நின்று எடுத்தது. சந்திப்பு உண்மை, போஸ் தயார் செய்தது.) விரிசல் முன்பே இருந்தது. என் பிழைப்பு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதிக் கொடுப்பது. அதனாலோ என்னவோ, இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் கண் தலைவர்களின் குணத்தில் நிற்பதில்லை, அவர்கள் எதைத் தெளிவாக எழுதினார்கள், எதை "பிறகு பார்க்கலாம்" என்று விட்டார்கள் என்பதில்தான் நிற்கும். இவர்கள் சண்டையைத் தீர்க்கவே இல்லை, தள்ளிப்போட்டார்கள். தள்ளிப்போட்டது எல்லாம், யாருடைய படை எங்கே நின்றதோ அதன்படி முடிந்தது.

போலந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943 ஏப்ரலில் ரஷ்யாவில் காட்டின் (Katyn) என்ற ஊரருகே இருந்த வனத்தில் போலந்து அதிகாரிகளின் புதைகுழிகளை ஜெர்மானியர்கள் வெளியே சொன்னார்கள். நாடு கடந்து லண்டனில் இருந்த போலந்து அரசு, செஞ்சிலுவைச் சங்கம் விசாரிக்கட்டும் என்றது. உடனே மாஸ்கோ அந்த அரசோடு உறவை முறித்துக்கொண்டது. கொன்றது சோவியத் ரகசியப் போலீஸ்தான் என்று மாஸ்கோ ஒப்புக்கொள்ள 1990 ஆனது. பிரிட்டனுக்குச் சந்தேகம் இல்லாமல் இல்லை. ஆனால் கிழக்குப் போர்முனையில் ஜெர்மன் படையின் பெரும்பகுதியை மென்றுகொண்டிருந்த கூட்டாளியிடம் அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

அதே வருடம் நவம்பர் கடைசியில் தெஹ்ரானில் மூன்று தலைவர்களின் மாநாடு. போலந்தை எப்படி மேற்கே நகர்த்தலாம் என்பதை சர்ச்சில் மேசைமேல் மூன்று தீக்குச்சிகளை வைத்துத் தள்ளிக் காட்டினார். ஒரு நாட்டின் எல்லை. போலந்துக்காரர் ஒருவரும் அறையில் இல்லை.

1944 அக்டோபர் 9 இரவு, மாஸ்கோ. சர்ச்சில் அரைத்தாளில் எழுதுகிறார்: ருமேனியா, ரஷ்யாவுக்கு 90 சதவீதம். கிரீஸ், பிரிட்டனுக்கு 90. யுகோஸ்லாவியாவும் ஹங்கேரியும் பாதிக்குப் பாதி. பல்கேரியா, ரஷ்யாவுக்கு 75. ஸ்டாலின் நீலப் பென்சிலால் பெரிதாக ஒரு டிக் போட்டுத் திருப்பித் தள்ளினார். இது கொஞ்சம் அசிங்கமாகத் தெரியுமே, எரித்துவிடலாமா என்று சர்ச்சில் கேட்க, நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார் ஸ்டாலின். மறுநாள் இரு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் ஈடனும் மொலொடோவும் உட்கார்ந்து சதவீதத்துக்குப் பேரம் பேசினார்கள். எதன் 90 சதவீதம் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. அமைச்சர் பதவியா, எண்ணெயா, போலீஸா?

அப்புறம் யால்டா. "விடுவிக்கப்பட்ட ஐரோப்பா" பிரகடனத்தின் (நாஜிகளிடமிருந்து மீண்ட நாடுகள் தேர்தல் வழியே தங்கள் அரசை அமைக்க மூவரும் உதவுவோம் என்ற வாக்குறுதி) அமெரிக்க வரைவில், மூன்று அரசுகளும் தங்கள் கூட்டுப் பொறுப்பை நிறைவேற்ற உரிய அமைப்பை உடனே நிறுவும் என்று இருந்தது. இறுதி உரையில், உடனே கலந்தாலோசிக்கும் என்று மட்டும் நின்றது. போலந்துத் தேர்தலைத் தூதர்கள் நேரில் பார்த்து அறிக்கை தருவார்கள் என்ற வாசகமும் நீர்த்துப்போனது. இந்த ஒப்பந்தம் ரப்பர் மாதிரி, ரஷ்யர்கள் யால்டாவிலிருந்து வாஷிங்டன் வரை இழுத்தாலும் அறுகாது என்று ரூஸ்வெல்ட்டின் ராணுவ ஆலோசகர் அட்மிரல் லேஹி அங்கேயே ரூஸ்வெல்ட்டிடம் சொல்லியிருக்கிறார். தெரியும், இப்போதைக்குப் போலந்துக்கு இதற்குமேல் என்னால் முடியாது என்பதுதான் பதில். ஏமாந்த ஆள் பேசுகிற பேச்சா இது?

மாநாடு முடிந்தது பிப்ரவரி 11. அந்த மாதம் முடிவதற்குள் சோவியத் துணை வெளியுறவு அமைச்சர் விஷின்ஸ்கி, ருமேனியத் தலைநகர் புக்கரெஸ்டில் இளம் அரசர் மிஹாயிடம் போய், பிரதமரை நீக்குங்கள் என்று சத்தம்போட்டுவிட்டு, கதவை ஓங்கி அறைந்து சாத்திக்கொண்டு வெளியேறினார். மார்ச் 6இல் ருமேனியாவில் மாஸ்கோவுக்கு வேண்டிய அரசு வந்துவிட்டது. அதே மார்ச்சில், பேச வாருங்கள் என்று அழைக்கப்பட்ட போலந்து எதிர்ப்பியக்கத் தலைவர்கள் 16 பேரைப் பிடித்து மாஸ்கோ சிறைக்குக் கொண்டுபோனார்கள். ஒரு மாதத்தில் நடத்திவிடலாம் என்று யால்டாவில் சொன்ன போலந்துத் தேர்தல் 1947 ஜனவரியில் நடந்தது. எப்படி நடந்தது என்று சொல்லத் தேவையில்லை.

இனி பெர்லின். ஜெர்மனியை மண்டலங்களாகப் பிரித்த 1944 செப்டம்பர் லண்டன் நெறிமுறையில், பெர்லின் எல்லோருக்கும் பொது. ஆனால் அது சோவியத் மண்டலத்துக்குள் 160 கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. அங்கே எந்த வழியில் போவது? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. 1945 ஜூன் 29இல் அமெரிக்கத் தளபதி கிளே, பிரிட்டிஷ் தளபதி வீக்ஸ் இருவரும் சோவியத் தளபதி ஷுகோவைப் பார்த்து ஒரு சாலை, ஒரு ரயில் பாதை என்று வாய்வார்த்தையாக முடித்துக்கொண்டார்கள். கையெழுத்து இல்லை. அடுத்த சில நாளில் அமெரிக்கர்கள் தாங்கள் பிடித்திருந்த துரிங்கியாவையும் சாக்சனியையும் விட்டு விலகினார்கள். வழிக்கு உறுதி வாங்காமல் விலகியது தவறு என்று கிளே பின்னால் தன் நினைவுக்குறிப்பில் எழுதினார்.

வான்வழி மட்டும் வேறு. விமானங்கள் மோதிக்கொள்ளுமே என்ற கவலையில், 1945 நவம்பர் 30இல் மூன்று வான்பாதைகளை எழுத்தில் வரையறுத்தார்கள். ஒவ்வொன்றும் 32 கிலோமீட்டர் அகலம். 1948இல் மேற்கு மண்டலங்களில் புது மார்க் நாணயம் வந்ததும் சோவியத் தரப்பு சாலையை மூடியது, ரயிலை மூடியது, படகுப் போக்குவரத்தையும் மூடியது. வான்பாதையை மூடவில்லை. 20 லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களுக்கு மாவும் நிலக்கரியும் அதன் வழியாகத்தான் போயின. சுமார் 2,77,000 பறப்புகள், ஏறக்குறைய 23 லட்சம் டன். முற்றுகை நடந்துகொண்டிருந்தபோதே, 1949 ஏப்ரல் 4இல் மேற்கு நாடுகளின் கூட்டுப் பாதுகாப்புக்கான நேட்டோ ஒப்பந்தம் கையெழுத்தானது. அந்த நாடுகளுக்கு ஸ்டாலினைப் பற்றி அதற்குமேல் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

தேன்மொழி:

செல்வநாயகம் சார், நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் எல்லாக் கோப்பையும் ஒரே பக்கத்திலிருந்து புரட்டுகிறீர்கள். ஐரோப்பாவில் 1942இலேயே இரண்டாவது போர்முனை திறப்பது பற்றி முழு உடன்பாடு என்று 1942 ஜூனில் கூட்டறிக்கை விட்டது யார்? அது வந்தது 1944 ஜூன் 6. நடுவில் ஸ்டாலின்கிராடு, குர்ஸ்க் பெரும்போர்கள். சோவியத் ஒன்றியம் இழந்தது சுமார் 2 கோடியே 70 லட்சம் உயிர். 1945 மே மாதம், ஜெர்மனி சரணடைந்த அதே வாரத்திலேயே, ட்ரூமன் அரசு சோவியத்துக்கான கடன்-குத்தகை உதவியை (போர்க்காலத்தில் கூட்டாளிகளுக்கு அனுப்பிய ஆயுதம், உணவு போன்றவை) நிறுத்தியது. கடலில் போய்க்கொண்டிருந்த கப்பல்களையே திருப்பினார்கள், பிறகுதான் அந்த உத்தரவைத் தளர்த்தினார்கள். அதே மாதம் சோவியத் படையோடு மோதினால் என்ன ஆகும் என்று சர்ச்சில் தன் தளபதிகளிடம் திட்டம் கேட்டார். மாஸ்கோவுக்கும் தூக்கம் வராமல்போகக் காரணம் இருந்தது.

அப்புறம், எழுத்தில் இருந்ததால் வான்பாதை தப்பியது என்பதை நான் ஏற்கவில்லை. சாலையை மூட ஒரு தடுப்புக் கட்டை போதும். வான்பாதையை மூட வேண்டுமானால் விமானத்தைச் சுட வேண்டும், சுட்டால் போர். 1948 ஏப்ரல் 5இல் பெர்லினின் காட்டோ விமானதளம் அருகே ஒரு சோவியத் போர்விமானம் பிரிட்டிஷ் பயணிகள் விமானத்தோடு மோதி 15 பேர் இறந்தார்களே, அதற்கே இரு தரப்பும் எவ்வளவு பதறின! காப்பாற்றியது காகிதம் இல்லை, பயம்.

செல்வநாயகம்:

பயம் உண்டம்மா, மறுக்கவில்லை. ஆனால் பயம் ஒருவரை நிறுத்திவைக்கும், வேலை பார்க்க வைக்காது. விமானங்கள் மோதாமல் பார்த்துக்கொண்ட பெர்லின் வான்போக்குவரத்துப் பாதுகாப்பு மையத்தைப் பாருங்கள். ஜெர்மனியை நான்கு நாடுகளும் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் ஒன்றியம்) சேர்ந்து ஆள அமைத்த நேச நாட்டுக் கட்டுப்பாட்டுக் குழு 1948 மார்ச் 20இல் சோவியத் தளபதி சொகொலோவ்ஸ்கி எழுந்துபோனதோடு செத்துவிட்டது. அதே கட்டடத்தில் இந்த மையம் மட்டும் உயிரோடு இருந்தது. முற்றுகையின்போதும் சரி, பெர்லின் சுவர் எழுந்தபோதும் சரி, நான்கு நாட்டு அதிகாரிகளும் ஒரே அறையில் இரவு பகலாக முறைவைத்து உட்கார்ந்து, எந்த விமானம் எப்போது எந்தப் பாதையில் வருகிறது என்ற அட்டையைக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். 1990 வரைக்கும்! அந்த அறையில் என்ன செய்ய வேண்டும் என்று விதி இருந்தது, அதனால் செய்தார்கள்.

ஈரானையும் சொல்லலாம். 1942 ஜனவரி ஒப்பந்தத்தில், போர் முடிந்து ஆறு மாதத்துக்குள் படைகள் வெளியேற வேண்டும் என்று தெளிவாக இருந்தது. கெடு 1946 மார்ச் 2. சோவியத் படை போகவில்லை. கெடு தாண்டியது உலகத்துக்கே தெரிந்ததால் விவகாரம் ஐ.நா.வில் நாறியது. மே மாதம் கிளம்பினார்கள். எண்ணெய்ச் சலுகை தருவதாக ஈரானியப் பிரதமர் சொன்ன ஆசைவார்த்தையும் உதவியது, அது வேறு விஷயம்.

கதிரவன்:

சார், அப்படியானால் ஆஸ்திரியத் தலைநகர் வியன்னா? அதுவும் நான்கு பேருக்குப் பிரித்த நகரம், அதுவும் சோவியத் மண்டலத்துக்கு நடுவில்தானே? அங்கே ஏன் முற்றுகை வரவில்லை?

தேன்மொழி:

நானே கேட்க இருந்தேன். அங்கே நிலைமை இன்னும் மோசம். அமெரிக்கர்களின் டுல்ன் விமானதளமும் பிரிட்டிஷாரின் ஷ்வெகாட்டும் நகரத்துக்கு வெளியே, சோவியத் மண்டலத்துக்குள். மாஸ்கோ நினைத்திருந்தால் பெர்லினைவிட எளிதாக மூச்சைப் பிடித்திருக்கலாம். நினைக்கவில்லை. ஏனென்றால் ரூர் தொழில் வட்டாரத்தின் நிலக்கரியும் எஃகும் ஜெர்மனியில் இருந்தன, இரண்டு முறை படையெடுத்து வந்ததும் ஜெர்மனிதான். புது மார்க் வந்ததும் மேற்கு ஜெர்மனி தனி நாடாகிவிடும் என்று தெரிந்துபோனது. சண்டை அதற்காக.

செல்வநாயகம்:

அதில் உங்களோடு உடன்படுகிறேன், ஜெர்மனிதான் பரிசு. ஆனால் வியன்னாவில் இன்னொன்றும் இருந்தது. 1945 நவம்பரில் தேர்தல் நடந்து நாடு முழுவதற்கும் ஒரே ஆஸ்திரிய அரசு வந்துவிட்டது. 1946 ஜூன் 28 கட்டுப்பாட்டு ஒப்பந்தம், அந்த அரசு போடும் சாதாரணச் சட்டத்தை 31 நாளுக்குள் நான்கு பேரும் சேர்ந்து எதிர்த்தால் மட்டுமே தடுக்க முடியும் என்றது. பெர்லினில் ஒருவர் 'முடியாது' என்றால் வேலை நின்றது. வியன்னாவில் ஒருவர் 'முடியாது' என்றாலும் சட்டம் போய்க்கொண்டே இருந்தது. நான்கு படைகளும் 1955இல் கிளம்பிப் போனபோது அங்கே ஒப்படைக்க ஒரு அரசு தயாராக இருந்தது.

தேன்மொழி:

அந்த ஒப்பந்தத்தில் சோவியத் தரப்பு கையெழுத்துப் போட்டதே, ஆஸ்திரியா அவர்களுக்கு அவ்வளவு முக்கியமில்லை என்பதால்தான் சார். ஜெர்மனிக்கு அப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் ஸ்டாலின் போட்டிருப்பாரா? அமெரிக்காவே போட்டிருக்குமா?