மாடி ரூமில் வேப் (இ-சிகரெட்) வாசம் போகவே மாட்டேங்குது, வழி சொல்லுங்க

பெருமாள்புரம் மாடிவீடு:
சித்தப்பா பையன் பெங்களூரு வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று எங்கள் மாடி ரூமில் எட்டு மாசம் இருந்தான். கதவைச் சாத்தி ஏசியைப் போட்டுக்கொண்டு வேப் இழுத்திருக்கிறான், எங்களுக்குத் தெரிந்ததே அவன் காலிசெய்த பிறகுதான். மாம்பழ எசென்ஸைச் சர்க்கரைப் பாகில் விட்டுக் காய்ச்சின மாதிரி ஒரு வாசம். காலையில் அவ்வளவாகத் தெரியாது, மூணு மணிக்கு மேல் மேற்குச் சுவர் சூடேறினதும் குப்பென்று கிளம்பும். அம்மா தினமும் சாம்பிராணி போடுகிறாள், ரூம் ஸ்பிரே இரண்டு டப்பா காலி. அடுத்த மாசம் தங்கச்சியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வருகிறோம், அந்த ரூம்தான் அவளுக்கு.

தென்காசிக்காரி:
முதலில் சாம்பிராணியை நிறுத்துங்க, வாசத்துக்கு மேல் வாசம்தான் ஏறுது. வேப்பிலிருந்து வருவது கிளிசரினும் புரொபிலீன் கிளைகாலும் எசென்ஸும் கலந்த ஆவி, அது போய்ப் படிந்து பிசுக்காகிவிடும். ஃபேன் இறக்கையில் விரலை இழுத்துப் பாருங்க, வெறும் தூசி என்றால் உதிரும், இது அழுக்குத் திரியாக உருளும். நல்லவேளை, எண்ணெய் மாதிரி இல்லை, தண்ணீரில் கரையும். வெந்நீரில் பாத்திரம் கழுவுகிற லிக்விட் கொஞ்சம் விட்டு, பிழிந்த துணியால் ஃபேன், ஜன்னல் கண்ணாடி, கதவு, சுவர், சீலிங் எல்லாம் துடைங்க. டிஸ்டம்பர் சுவர் என்றால் தொடாதீங்க, கையோடு வரும்.

பெருமாள்புரம் மாடிவீடு:
எமல்ஷன்தான். வினிகரும் ஆப்ப சோடாவும் கலந்து துடைக்கச் சொல்கிறார்களே?

தென்காசிக்காரி:
கலந்தால் நுரைதான் பொங்கும், ஒன்றின் வேலையை இன்னொன்று கெடுத்துவிடும். வினிகரைத் தண்ணீர் விட்டுச் சுவருக்கு, சோடாவை மெத்தையில் தூவி ஒரு ராத்திரி விட்டுத் தட்டி எடுங்க. பிளீச்சிங் பவுடரோடு மட்டும் வினிகர் சேரவே கூடாது, குளோரின் வாயு கிளம்பும். திரைச்சீலை இன்னும் மாட்டியா இருக்கு?

வண்ணார்பேட்டை ஏசி மெக்கானிக்:
அண்ணாச்சி, ஏசியை விட்டுட்டீங்களே. ஸ்பிலிட் ஏசி ரூம் காற்றையேதான் சுற்றவிடும், எட்டு மாச ஆவியும் உள்ளே குளிராக்குகிற குழாய்ச் சுருள் இருக்கே, அந்த ‘காயில்’ வழியாகத்தான் போயிருக்கு. ஃபில்டரை நீங்களே கழுவலாம், உள்ளே புளோயருக்கும் காயிலுக்கும் வாட்டர் சர்வீஸ் போடணும். அதுவரை ஏசியைப் போடாதீங்க. இப்போ ஆனிக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியா நல்லா வருது, சாயங்காலம் மேற்கு ஜன்னலையும் எதிர்க் கதவையும் திறந்து போடுங்க. இந்த வேப்பை விற்க 2019-லயே தடை போட்டாச்சு, எங்க இருந்துதான் வாங்குதானுவளோ.

பெருமாள்புரம் மாடிவீடு (பத்து நாள் கழித்து):
துடைத்த வாளித் தண்ணீர் டீ நிறத்தில் வந்தது. திரைச்சீலையை இரண்டு தடவை துவைத்தோம், ஏசி சர்வீஸும் ஆச்சு. முக்கால்வாசி போய்விட்டது, ஆனாலும் அலமாரிப் பக்கம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. கீழ் டிராயரில் விரித்திருந்த பேப்பரைத் தூக்கினால் உள்ளங்கை அகலத்துக்குப் பளபளவென்று ஒரு கறை, வேப்பில் ஊற்றுகிற ரீஃபில் பாட்டில் கவிழ்ந்து பிளைவுட்டில் ஊறியிருக்கிறது!

தென்காசிக்காரி:
வெறுங்கையால் தொடாதீங்க, நிக்கோடின் தோல் வழியாகவும் இறங்கும். உங்க தங்கச்சி அதன் பக்கமே வர வேண்டாம். ஊறின பிளைவுட்டைத் துடைத்துப் பிரயோஜனமில்லை.

பெருமாள்புரம் மாடிவீடு:
கையுறை போட்டு டிராயரையே கழற்றி வெளியேற்றிவிட்டோம். நேற்று மூணு மணிக்குப் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன், எங்கள் மூக்குதான் பழகிவிட்டதே. சாம்பிராணி வாசம் மட்டும்தான் வருதாம். அம்மா அதை நிறுத்தவே இல்லை.