குளிர்ல பைக்: விரல் மரத்துப்போகாம இருக்க என்னென்ன பண்றீங்க?

தடிமனா ஒரு கிளவுஸ் வாங்கிட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைச்சுத்தான் எல்லாரும் ஆரம்பிக்கிறோம். முடியாது. கையைக் குளிர வைக்கிறதுல வெப்பநிலைக்குப் பாதிப் பங்குதான், மீதி காத்து. அமெரிக்காவும் கனடாவும் 2001ல இருந்து பயன்படுத்துற காற்றுக்குளிர் கணக்கைப் போட்டுப் பாருங்க. வெளியே 5 டிகிரி செல்சியஸ், வண்டி 80 கி.மீ. வேகம்னா, மூடாத தோலுக்கு அது மைனஸ் 3 மாதிரி. 0 டிகிரின்னா மைனஸ் 10. அந்தக் கணக்கு நடந்து போறவங்க முகத்துக்காகப் போட்டது, கிளவுஸ் போட்ட கைக்கு அச்சு அசலாப் பொருந்தாது. ஆனா முதல் செலவு எதுக்குன்னு அதுலயே தெரிஞ்சுடும்.

காத்து நேரா அடிக்கிற இடம் விரல் முட்டி. அதுலயும் லீவர் மேல வச்சிருக்கிற ரெண்டு விரல்தான் முதல்ல போகும், ஏன்னா அதுக்கு அடியில குளிர்ந்த அலுமினியம். லீவர் மேல ஹீட் ஷ்ரிங்க் குழாய் (சூடு காட்டினா சுருங்கி இறுக்கமா ஒட்டிக்கிற பிளாஸ்டிக் குழாய்) ஒரு அடுக்கு ஏத்திவிட்டா, காசு அதிகம் ஆகாம அந்த ரெண்டு விரலுக்கும் நல்ல வித்தியாசம் தெரியும். முழுசா மூடுற ஹேண்ட்கார்டு, அதாவது கைக்கு முன்னாடி ஹேண்டில்ல மாட்டுற தடுப்பு, அடுத்தது. மண் ரோட்டுப் பந்தய வண்டியில வர்ற குட்டிக் கார்டு கல்லு தடுக்கத்தான். மேலயும் கீழயும் திறந்து கிடக்கும். உங்களுக்கு வேணும்கிறது லீவருக்கு மேல ரெண்டு விரல் உயரமும், முட்டிக்குக் கீழ ரெண்டு விரல் இறக்கமும் மறைக்கிற அகலமான கார்டு.

மாட்டினதும் ஹேண்டிலை ரெண்டு பக்கமும் கடைசி வரை திருப்புங்க. பிரேக் ஹோஸ், கிளட்ச் கேபிள் எதுவும் கார்டுக்கும் டேங்குக்கும் நடுவுல நசுங்கக் கூடாது. லீவரை முழுசா இழுத்துப் பாருங்க, விட்டும் பாருங்க. ஹேண்டில் முனைக்குள்ள போய் விரிஞ்சு பிடிக்கிற போல்ட் சரியா இறுகலைன்னா, பள்ளம் மேட்டுல கார்டு மெல்லச் சுத்திக்கிட்டே வந்து லீவர்ல உட்கார்ந்துடும்.

*

ஹேண்ட்கார்டைவிட மஃப் மேல். ஹேண்டில்ல மாட்டுற அந்தத் துணிப்பையைத்தான் சொல்றேன். பார்க்க டெலிவரி வண்டி மாதிரி இருக்கும்னு நிறைய பேர் ஒதுக்கிடுறாங்க. விரலைக் காப்பாத்துறதுல விலைக்கு அதை மிஞ்ச ஒன்னும் இல்ல. உள்ளே மெல்லிசு கிளவுஸ் போதும், அதனால பிரேக் உணர்வும் கெடாது.

ஆனா மலிவான மஃப்ல ஒரு பெரிய கோளாறு இருக்கு. துணி தொளதொளன்னு இருந்தா, வேகத்துல காத்து அதை உள்ளே அமுக்கும். அது பிரேக் லீவரை ரெண்டு மூணு மில்லிமீட்டர் தள்ளும். ஓட்டுறவருக்கு ஒன்னுமே தெரியாது. பின்னாடி பிரேக் லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கும், பேட் டிஸ்க்ல உரசிச் சூடேறும். இடது பக்கம்னா கிளட்ச் லேசா வழுக்கும். பின்னாடி ஒருத்தரை வேற வண்டியில வரச் சொல்லி, 60 தாண்டினதும் பிரேக் லைட்டைப் பார்க்கச் சொன்னா தெரிஞ்சுடும். சரி பண்றதும் சுலபம்: ஹேண்ட்கார்டை முதல்ல மாட்டி அதுக்கு மேல மஃபைப் போடுங்க. கார்டே சட்டகமாகிடும். கார்டு இல்லைன்னா வளையாத பிளாஸ்டிக் பட்டை ஒன்னை முன்பக்கம் உள்ளே தைச்சுக்கணும்.

இன்னொன்னு, உள்ளே சுவிட்ச் கண்ணுக்குத் தெரியாது. நிறுத்தின வண்டியில உட்கார்ந்து, முன்னாடி பார்த்தபடியே கையை வெளியே எடுத்து உள்ளே விட்டு, இண்டிகேட்டர், ஹாரன், என்ஜின் கட் சுவிட்ச் மூணையும் தொட்டுப் பழகுங்க. ஒரு பத்து தடவை. வாய் குறுகலா, கயிறு போட்டு இறுக்குற மாதிரி இருந்தா வாங்காதீங்க. வண்டி சாயும்போது கை சட்டுன்னு வெளியே வரணும்.

*

ஹீட்டட் கிரிப், அதாவது கரண்ட்ல சூடாகுற கைப்பிடி, அதைப் பத்தி யாரும் சொல்லலையே. ஒர்க்‌ஷாப் பக்கத்துல இருந்து சொல்றேன். இதுல பிழை நடக்கிறது பெரும்பாலும் மாட்டும்போதுதான்.

முதல்ல வண்டியால தாங்க முடியுமான்னு பாருங்க. ஜோடி 36 வாட்னு எழுதியிருந்தா 12 வோல்ட்ல 3 ஆம்பியர். ஓடும்போது 14 வோல்ட் வரும், அப்போ 3.5 ஆம்பியர் இழுக்கும். கிரிப், ஹெட்லைட் ரெண்டும் எரியவிட்டு பேட்டரி முனையில மல்டிமீட்டரை வைங்க. 3000 ஆர்பிஎம்ல 13.5க்கு மேல நிக்கணும். ஐடில்ல 12.8க்குக் கீழ இறங்கினா பேட்டரி கரைஞ்சுக்கிட்டு இருக்குன்னு அர்த்தம். டிராஃபிக்ல நிக்கிற நேரம் கிரிப்பை அணைச்சுக்கணும். அதிகமா நகரத்துக்குள்ளேயே ஓடுற சின்ன வண்டிக்கு நான் ஹீட்டட் கிரிப் சொல்றதில்ல, மஃப்தான்.

வயரிங்: பேட்டரி பிளஸ்ல இருந்து ஒரு ஜாண் தூரத்துக்குள்ளேயே 5 ஆம்பியர் பியூஸ். அங்கிருந்து ரிலேயோட (சாவி போட்டா மட்டும் கரண்ட்டை விடுற சுவிட்ச், முனைக்கு முனை நம்பர் போட்டிருக்கும்) 30ஆம் முனை. 87ல இருந்து கிரிப்புக்கு. 86க்கு, சாவி போட்டாதான் கரண்ட் வர்ற ஒரு வயர், டெயில் லைட் லைன் நல்லது. 85 எர்த். 1 சதுர மில்லிமீட்டர் வயர் தாராளம். ரிலே வேண்டாம், நேரா பேட்டரியில குடுத்துடலாம்னு சிலர் செய்வாங்க. ஒரு நாள் ராத்திரி அணைக்க மறந்தா காலையில ஸ்டார்ட்டர் டிக் டிக்னு மட்டும் சொல்லும்.

பழைய கிரிப்பைக் கழட்ட ரெண்டு வழி. மறுபடி வேணும்னா, ஓரத்துல மெல்லிசு ஸ்க்ரூடிரைவரை நுழைச்சு ஐசோபுரோபைல் ஆல்கஹால் விட்டுத் திருகினா வழுக்கிக்கிட்டு வரும். வேண்டாம்னா கத்தியால நீளவாக்குல கீறுங்க. ஆனா வலது பக்கம் அழுத்திக் கீறாதீங்க. உள்ளே இருக்கிற ஆக்சிலரேட்டர் குழாய் பிளாஸ்டிக். அதுல கோடு விழுந்தா பின்னாடி அந்த இடத்துலயே பிளக்கும். குழாய் மேல வரி வரியா மேடு இருந்தா அரத்தால சமமாக்கணும். கொஞ்சம் தேய்ச்சுப் புது கிரிப்பை ஏத்திப் பாருங்க, மறுபடி கொஞ்சம். சுத்தியலால தட்டி ஏத்தினா உள்ளே இருக்கிற சூட்டுக் கம்பி அறுந்துடும்.

பசை போடுறதுக்கு முன்னாடி வறண்டபடியே மாட்டி, வயர் எங்க வெளியே வரணும்னு மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க. பசை சில நொடியில பிடிச்சுடும், அப்புறம் திருப்ப முடியாது. வலது கிரிப் வயருக்கு முழு ஆக்சிலரேட்டர் திருகுற அளவுக்கு மேலயே தொய்வு விட்டு, அந்த வளையம் பிரேக் லீவருக்கும் சுவிட்ச் பெட்டிக்கும் நடுவுல சிக்காம கட்டணும். கிரிப் முனைக்கும் ஹேண்டில் முனை எடைக்கும் நடுவுல 2 மில்லிமீட்டர் இடைவெளி வேணும். கடைசியா ஹேண்டிலை இடது முனை, நேர், வலது முனைன்னு மூணு இடத்துல வச்சு ஆக்சிலரேட்டரை முழுசா திருகி விடுங்க. சடக்குன்னு தானா மூடணும். ஒரு இடத்துல சோம்பினாலும் வண்டியை வெளியே எடுக்காதீங்க.

*

மேலே சொன்னதெல்லாம் பண்ணியும் இடது கை மட்டும் குளிருதுன்னு நிறைய பேர் கேட்பாங்க. கிரிப் பழுது இல்ல. வலது பக்கம் பிளாஸ்டிக் குழாய் நடுவுல இருக்கு, சூடு உள்ளே போகாது. இடது கிரிப் நேரா இரும்பு ஹேண்டில் மேல உட்கார்ந்திருக்கு. அந்த ஹேண்டில் பாதிச் சூட்டை இழுத்துக்கிட்டுப் போயிடும். ஒட்டுறதுக்கு முன்னாடி இடது பக்கம் ஹேண்டில் மேல வெப்பம் தாங்குற மெல்லிய டேப் ஒரு சுத்து சுத்தினா சமமாகும். ரெண்டு சுத்து சுத்தினா கிரிப் ஏறாது.

ரெண்டு கிரிப்புமே வெதுவெதுன்னு மட்டும் இருந்தா பேரலல்ல (ரெண்டும் தனித்தனியா) இணைக்காம சீரீஸ்ல (ஒன்னுக்குப் பின்னாடி ஒன்னா) இணைச்சிருக்கீங்கன்னு சந்தேகப்படணும். 36 வாட் ஜோடியில ஒவ்வொன்னும் 8 ஓம். பேரலல்ல 4 ஓம், சீரீஸ்ல 16 ஓம். அதாவது 9 வாட்தான் கிடைக்கும். ஒரு பக்கம் மட்டும் சுத்தமா சில்லுனு இருந்தா மீட்டரை ஓம்ல வைங்க. எதுவும் காட்டலைன்னா கம்பி அறுந்திருக்கு. பெரும்பாலும் வலது கிரிப்ல வயர் வெளியே வர்ற அந்த ஒரு அங்குலத்துலதான் அறுந்திருக்கும், ஏன்னா ஒவ்வொரு திருகலுக்கும் மடங்குறது அந்த இடம்தான்.

தடிமனான குளிர் கிளவுஸோட ஹீட்டட் கிரிப் போட்டுட்டு "ஒன்னும் தெரியலை"ன்னு சொல்றவங்களுக்கு: உள்ளங்கைப் பக்கம் பஞ்சு இருந்தா சூடு எப்படி வரும்? உள்ளங்கை மெல்லிசு, மேல்பக்கம் தடிமன், அப்படிப்பட்ட கிளவுஸ் வேணும். கிளம்பும்போதே முழுச் சூடு, அஞ்சு நிமிஷம் கழிச்சுக் குறைச்சுக்கலாம். விரல் மரத்த பிறகு போட்டா சூடேற ரொம்ப நேரம் பிடிக்கும்.

*

கையை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கிறீர்கள். உடம்பின் நடுப்பகுதி குளிர்ந்தால், உடல் முதலில் செய்யும் காரியம் விரல்களுக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்குவதுதான். கழுத்து வழியாகக் காற்று உள்ளே போய்க்கொண்டிருக்கும்போது எந்தக் கிளவுஸும் முழுப் பலன் தராது. காற்றுப் புகாத ஜாக்கெட், கழுத்தைச் சுற்றி ஒரு பஃப் (குழாய் வடிவத் துணி), மணிக்கட்டில் இடைவெளி இல்லாத சட்டைக் கை. இவற்றை முடித்துவிட்டு விரலுக்கு வாருங்கள்.

இறுக்கமான கிளவுஸும் இரத்தத்தைத் தடுக்கும். உள்ளே இன்னொரு கிளவுஸ் போட்டு இறுக்குவது பலருடைய பழக்கம். கூடுதல் அடுக்கு தரும் சூட்டைவிட அழுத்தம் கெடுப்பது அதிகம். கையை நீட்டி விரித்தால் விரல் நுனிக்கு முன்னால் சுமார் 5 மில்லிமீட்டர் காலியிடம் இருக்க வேண்டும். ஹேண்டிலை நெரிக்கிற மாதிரிப் பிடிப்பதும் இதே கெடுதலைச் செய்கிறது. கிளம்பும் முன் சிகரெட் பிடித்தால் நிகோட்டின் குழாய்களை மேலும் சுருக்கும்.

குளிர் பட்டவுடன் சில விரல்கள் மட்டும் வெள்ளை வெளேரென்று மாறி, பிறகு நீலம், சூடானதும் சிவப்பு என்று நிறம் மாறினால் அது சாதாரணக் குளிர் அல்ல. பிரெஞ்சு மருத்துவர் மோரிஸ் ரேனோ 1862இல் விவரித்த நிலை அது. அவர் பெயரிலேயே அழைக்கப்படுகிறது. மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எளிய சோதனை: சிக்னலில் நிற்கும்போது கட்டை விரல் நுனியால் சுண்டு விரல் நுனியைத் தொடுங்கள். தடுமாறினால் அந்தக் கையால் அவசரப் பிரேக் பிடிக்க முடியாது. 80 கி.மீ. வேகத்தில் அரை நொடி தாமதம் என்பது 11 மீட்டர். நிறுத்திவிட்டுக் கையை அக்குளில் வையுங்கள், அல்லது தோளிலிருந்து முழுக் கையையும் வட்டமாக வேகமாகச் சுழற்றுங்கள். இரத்தம் விரல் நுனிக்குத் தள்ளப்படும். சைலன்ஸரிலோ என்ஜினிலோ கையை வைக்காதீர்கள். மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். தோல் மெழுகு போல வெளுத்துக் கெட்டியாக இருந்தால் தேய்க்கவே கூடாது. மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

*

கிளவுஸுக்குள்ள வச்சுக்க, பிரிச்சா தானா சூடாகுற சின்னப் பொட்டலம் கடையில கிடைக்கும், அது பத்தி ஒரு வரி. உள்ளே இருக்கிறது இரும்புத் தூள். காத்துல இருக்கிற ஆக்சிஜனோட சேர்ந்துதான் சூடாகும். தண்ணி புகாத கிளவுஸுக்குள்ள திணிச்சா மூச்சு முட்டி அணைஞ்சுடும். "போலி சரக்கு"ன்னு திட்டாதீங்க. பிரிச்சதும் கால் மணி நேரம் வெளியே வச்சுச் சூடேத்தி, மணிக்கட்டு உள்பக்கம் ஒரு துணிக்கு மேல வைங்க. நேரா தோல்ல வேண்டாம்.

*

மழைதான் உண்மையான எதிரி. 8 டிகிரியில நனைஞ்ச கை, 0 டிகிரியில காய்ஞ்ச கையைவிட மோசம். கிளவுஸுக்குள்ள தண்ணி புகாத சவ்வு இருந்தாலும், கிளவுஸோட வெளித் தோல் ஊறிடுச்சுன்னா அது காத்துல ஆவியாகிக்கிட்டே சூட்டை உறிஞ்சும். வெளிப்பக்கம் பெரிய சைஸ் ரப்பர் கிளவுஸ், பாத்திரம் கழுவுற அதே ரகம், ஒன்னை மேல போட்டா மழையும் காத்தும் ரெண்டுமே நிக்கும். அழகு இல்லதான். லீவர் வழுக்குதான்னு மட்டும் நின்ன இடத்துல பார்த்துக்கோங்க.

கிளவுஸோட மணிக்கட்டுப் பகுதி கோட்டுக் கைக்கு உள்ளேயா வெளியேயான்னு ஒரு சண்டை எப்பவும் நடக்கும். மழையில தண்ணி தோள்ல இருந்து மணிக்கட்டுக்கு இறங்கி வரும், அதனால ரெயின்கோட் கை மேலே, கிளவுஸ் உள்ளே. மழை இல்லாத குளிர்ல கிளவுஸ் மேலே வந்து மணிக்கட்டை மூடணும், இல்லைன்னா சட்டைக்குள்ள காத்து ஊதும்.

நனைஞ்ச கிளவுஸை முழங்கைப் பக்கம் பிடிச்சு இழுத்துக் கழட்டாதீங்க. உள் லைனிங் விரலோட சேர்ந்து வெளியே உருவிடும், மறுபடி விரல் உள்ளே போகாது. ஒவ்வொரு விரல் நுனியையும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்துத் தளர்த்தணும். ஹீட்டர் மேல காய வச்சா தோல் சுருங்கி வெடிக்கும். உள்ளே பேப்பர் சுருட்டித் திணிச்சு, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாத்தினா போதும்.

*

பேட்டரியில சூடாகுற கிளவுஸ் எவ்வளவு நேரம் தாங்கும்னு கேட்கிறவங்களுக்கு: 7.4 வோல்ட், 2200 மில்லி ஆம்பியர் மணி பேட்டரின்னா 16 வாட் மணி. ஒரு கைக்கு 8 வாட் எடுத்தா ரெண்டு மணி நேரம், குளிர்ல அதுக்கும் குறைவு. நீளமான பயணத்துக்கு 12 வோல்ட்ல வண்டியோட இணைக்கிற ரகம்தான் சரி. கிரிப் உள்ளங்கையைச் சூடாக்கும், இது முட்டியையும் விரல் நுனியையும் சூடாக்கும். அதனால ஹேண்ட்கார்டு இல்லாத வண்டிக்கு இதுவே மேல். வீட்டுக்கு வந்ததும் சில்லுனு இருக்கிற பேட்டரியை உடனே சார்ஜ்ல போடாதீங்க. 0 டிகிரிக்குக் கீழ சார்ஜ் ஏத்தினா லித்தியம் செல் உள்ளேயே கெடும். ஒரு மணி நேரம் அறைக்குள்ள வச்சிருந்துட்டு அப்புறம் போடுங்க.