படகில் இயேசுவை எழுப்பியது தப்பா?

கடலோரத்தான்: நேற்று ஜெபவீரன் இங்கே போட்ட பதிவு: "பயம் பாவம். புயலில் இயேசு தலையணை வைத்துத் தூங்கினார். உண்மையான விசுவாசம் உள்ளவன் அவர் பக்கத்தில் படுத்துத் தூங்கியிருப்பான். சீஷர்கள் அவரை எழுப்பியதே அவிசுவாசம்." இதற்கு நூறு ஆமென் வேறு. ஐயா, நீங்கள் கடலில் போயிருக்கிறீர்களா? மாற்கு 4:37 என்ன சொல்கிறது? படகு நிரம்பத்தக்கதாக அலைகள் மோதின. தண்ணீர் உள்ளே ஏறிவிட்டது. அந்த நேரத்தில் ஒருவன் படுத்துத் தூங்கினால் எங்கள் ஊரில் அதற்கு விசுவாசம் என்று பெயர் வைக்க மாட்டார்கள்.

ஜெபவீரன்: வந்துவிட்டார் கடல் பேராசிரியர். வசனம் 40 வாசியுங்கள்: "ஏன் இப்படிப் பயப்பட்டீர்கள்? ஏன் உங்களுக்கு விசுவாசம் இல்லாமற்போயிற்று?" பயம் இருந்ததால்தான் எழுப்பினார்கள். முடிந்தது.

கடலோரத்தான்: எங்கே முடிந்தது? பயந்ததைக் கேட்டார். எழுப்பியதை எங்கே கண்டித்தார்? எழுப்பினார்கள், எழுந்தார், காற்றை அதட்டினார். "என்னை ஏன் எழுப்பினீர்கள்" என்று ஒரு வார்த்தை உண்டா? காட்டுங்கள்.

பாளையங்கோட்டையான்: மத்தேயு 8-இல் முதலில் "அற்பவிசுவாசிகளே" என்கிறார், அப்புறம்தான் காற்றை அதட்டுகிறார். மாற்குவில் காற்று அடங்கிய பிறகு கேட்கிறார். இதையும் கொஞ்சம் பார்க்கலாமே.

ஜெபவீரன்: பார்த்தீர்களா, மத்தேயுவில் எழுப்பின உடனே திட்டு! நன்றி பிரதர்.

பாளையங்கோட்டையான்: நான் உங்களுக்காகச் சொல்லவில்லை.

கடலோரத்தான்: அங்கேயும் "ஏன் பயப்படுகிறீர்கள்" என்றுதான் இருக்கிறது, "ஏன் எழுப்பினீர்கள்" இல்லை. சங்கீதம் 44:23-ஐ எடுங்கள்: "ஆண்டவரே, விழித்துக்கொள்ளும், ஏன் நித்திரைபண்ணுகிறீர்?" சங்கீதக்காரனும் அவிசுவாசியா? எழுப்புவதுதான் ஜெபமே. பக்கத்தில் இருக்கிறவர் காப்பாற்றுவார் என்று ஒரு துளி நம்பிக்கையாவது இல்லாதவன் அவரை ஏன் தட்டி எழுப்பப் போகிறான்?

ஜெபவீரன்: வெளிப்படுத்தல் 21:8. அக்கினிக்கடலில் பங்கடைகிறவர்களின் பட்டியலில் முதல் பெயரே "பயப்படுகிறவர்கள்". கொலைபாதகருக்கும் முன்னால். நான் சொல்லவில்லை, வேதம் சொல்கிறது.

கடலோரத்தான்: அப்படியானால் சிலுவைக்கு முந்தின ராத்திரி கெத்செமனே தோட்டத்தில்? மாற்கு 14:33: "திகிலடையவும், மிகவும் வியாகுலப்படவும் தொடங்கினார்." யாரைச் சொல்கிறது தெரியுமா? அவரையே! உங்கள் பட்டியலில் அவரை எங்கே வைப்பீர்கள்?

ஜெபவீரன்: அது உலகத்தின் பாவத்தைச் சுமக்கிற வேதனை. ஆராதனைக்கு ஒழுங்காகப் போகிறவர்களுக்கு விளங்கும்.

கடலோரத்தான்: ஓ, இப்போது நான் பூசைக்குப் போகிறேனா இல்லையா என்று கணக்கெடுப்பா? முன்பு இங்கே நடந்த தசமபாக (வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) விவாதத்திலும் இதே வேலை. பதில் இல்லாவிட்டால் உடனே ஆளைப் பிடிப்பது.

மெழுகுவர்த்தி: சங்கீதம் 56:3 போதாதா? "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." பயம் வராது என்று தாவீது சொல்லவில்லையே. வரும், வருகிற அன்றைக்கு நம்புவேன் என்கிறார். எனக்கு அறுவை சிகிச்சைக்கு முந்தின ராத்திரி, பக்கத்துக் கட்டிலில் இருந்த அம்மா இந்த வசனத்தை முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்கள். கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது.

ஜெபவீரன்: சகோதரி, உணர்ச்சி வேறு, உபதேசம் வேறு.

கடலோரத்தான்: அவர்களிடமும் ஆரம்பித்துவிட்டீர்களா! இயேசு படுத்திருந்தது பின்னணியத்தில். நாங்கள் அமரம் என்போம். சுக்கான் பிடிக்கிற பக்கம். பேதுரு, அந்திரேயா, யாக்கோபு, யோவான் நாலு பேரும் மீன்பிடித் தொழில்காரர்கள். அவர்களே "மடிந்துபோகிறோம்" என்றால் கடல் எப்படி இருந்திருக்கும்? 2017 ஒக்கிப் புயலைப் பார்த்தவனிடம் வந்து பயம் பாவம் என்று சொல்லிப் பாருங்கள்.

கணக்குப்பிள்ளை: அந்தப் படகு போனது கடலே இல்லை. கலிலேயா ஒரு நன்னீர் ஏரி. நீளம் சுமார் 21 கிலோமீட்டர்தான். ஒக்கியோடு ஒப்பிடுவது கொஞ்சம் அதிகம்.

கடலோரத்தான்: ஏரியில் மூழ்கினால் சாவு வராதா? கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கும் கீழே, மலைகளுக்கு நடுவில் கிடக்கிறது. மலைக்காற்று திடீரென்று இறங்கும். 1986-இல் அந்தக் கரைச் சேற்றில் கிடைத்த பழைய படகின் நீளமே எட்டு மீட்டர் சொச்சம்தான். அதில் இத்தனை பேர்.

கணக்குப்பிள்ளை: அது இயேசுவின் படகு என்று யார் சொன்னது?

கடலோரத்தான்: நான் சொன்னேனா? அந்தக் காலத்துப் படகின் அளவுக்குச் சொன்னேன். வாசிக்காமல் எழுதாதீர்கள்.

பாளையங்கோட்டையான்: வசனம் 41-ஐ ஒருவரும் தொடவில்லையே. புயல் நின்ற பிறகுதான் "மிகவும் பயந்து" என்று வருகிறது. எல்லாப் பயமும் பாவம் என்றால் இதை என்ன செய்வது?

ஜெபவீரன்: அது தேவபயம். வேறு. பேச்சை மாற்றாதீர்கள். எழுப்பியது அவிசுவாசம்.

கடலோரத்தான்: எழுப்பினதைக் கண்டித்த வசனம் எங்கே? இதோடு எத்தனையாவது தடவை கேட்கிறேன்!

ஜெபவீரன்: எனக்கு உபவாச ஜெபத்துக்கு நேரமாகிறது. வீண் தர்க்கத்துக்கு விலகு என்று பவுல் எழுதியிருக்கிறார்.

கடலோரத்தான்: போய் வாருங்கள். தசமபாகத்துக்கும் இப்படித்தான் நேரமாகிப் போனது.

கணக்குப்பிள்ளை: அந்தப் படகில் பதினைந்து பேர் ஏறலாமாம். இடம் தாராளம்.