சொந்த ஜிபியுவா, வாடகை ஜிபியுவா?

நொய்யல்கரை (கேள்வி):
கோவையில் ஆறு பேர் சேர்ந்து தமிழ்ப் பேச்சை எழுத்தாக்கும் மாடலை உருவாக்கி வருகிறோம். என்விடியாவின் எச்100 என்ற ஜிபியு (ஏஐ மாடல்களுக்கான கணக்குகளை வேகமாகப் போடும் சிப்) ஒன்றை மணிக்கு 220 ரூபாய்க்கு வாடகை பேசி, இரவு பகலாக அணைக்காமல் வைத்திருப்பதால் மாதம் ஒன்றரை லட்சத்துக்கு மேல் பில் வருகிறது. அதே ஜிபியு பொருத்திய சர்வருக்கு 40 லட்ச ரூபாய் விலைப்புள்ளி கைவசம் உள்ளது. வாடகை கொடுத்தே அழிவதைவிடச் சொந்த வீடு கட்டுவது மேல் என்பதைப்போல, இரண்டே ஆண்டில் போட்ட முதல் திரும்பிவிடும் என்கிறார் பங்குதாரர். வாங்கிவிடலாமா?

சர்வர் அறை:
அவருடைய கணக்கின்படி, 40 லட்சத்தை 220-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 18,180 மணி நேரம், அதாவது இரண்டு ஆண்டும் ஒரு மாதமும் ஆகும். ஆனால் அத்தனை மணி நேரமும் ஜிபியுவுக்கு வேலை இருந்தால்தான் அது செல்லும். ஜிபியு எவ்வளவு நேரம் வேலை செய்கிறது என்று காட்டும் என்விடியா-எஸ்எம்ஐ கட்டளையை நிமிடத்துக்கு ஒருமுறை ஓடவிட்டு, ஒரு வாரம் பதிந்து பாருங்கள். அதில் வரும் சதவீதம் ஏதோவொரு வேலை ஓடியதா என்பதை மட்டுமே காட்டும், முழுத் திறனும் பயன்பட்டதா என்பதைக் காட்டாது. ஆகவே உண்மை நிலவரம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். 30 சதவீதம்தான் என்று தெரிந்தால், மீதி நேரம் அணைத்து வைத்து வாடகையை 48 ஆயிரத்துக்குள் அடக்கலாம்; அப்போது 40 லட்சத்தை மீட்க ஏழு ஆண்டுகள் பிடிக்கும். மின்கட்டணத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். சர்வரில் கார்டாகச் செருகும் பிசிஐஇ வகை எச்100 அதிகபட்சம் 350 வாட்தான் இழுக்கும். சர்வர், ஏசி எல்லாம் சேர்த்தாலும் மணிக்கு ஒரு யூனிட்டை ஒட்டியே வரும்.

பேரேடு:
வீட்டு உவமையே பிழை என்பது என் கருத்து. வீடு பழசானாலும் மனையின் விலை ஏறும். ஜிபியுவில் மனை என்று ஒன்று இல்லை. 2022-இல் அறிவிக்கப்பட்ட எச்100-ஐக் கொண்ட, பி5 எனப்படும் தன் கிளவுட் சர்வர்களின் வாடகையை அமேசான் 2025 ஜூனில் 44 சதவீதம் வரை குறைத்தது. அதற்கு முந்தைய மாதம் வாங்கியவருக்கு அந்த லாபத்தில் பங்கு கிடையாது. சர்வர்களின் ஆயுள் எவ்வளவு என்பதில் பெரிய நிறுவனங்களே ஒத்துப்போகவில்லை: அதே 2025-இல் அமேசான் தன் கணக்கேட்டில் ஒரு பகுதி சர்வர்களின் ஆயுளை ஆறிலிருந்து ஐந்து ஆண்டாகக் குறைத்தது, மெட்டாவோ ஐந்தரை ஆண்டாக நீட்டியது. வருமான வரியில் கணினிக்கு ஆண்டுக்கு 40 சதவீதத் தேய்மானம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் லாபம் ஈட்டி வரி கட்டுகிறவருக்கே அது உடனடியாகப் பயன்படும்.

இரவுப்பணி:
நான் இரு பக்கமும் அடிபட்டவன். மலிவாகக் கிடைக்கிறதே என்று, எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறப்படும் ஸ்பாட் வகை இயந்திரத்தில் பயிற்சியை ஓடவிட்டேன். இரண்டு நிமிட முன்னறிவிப்பில் அதைப் பிடுங்கிக்கொண்டார்கள். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறைதான் செக்பாயின்ட் (அதுவரையான பயிற்சியின் நகல்) சேமித்திருந்ததால் ஐந்து மணி நேர உழைப்பு போயிற்று. பிறகு அலுவலகத்திலேயே இரண்டு 4090 ஜிபியு கார்டுகள் கொண்ட பெட்டியை வைத்தேன். ஒரு மே மாதச் சனிக்கிழமை ஏசி நின்றுபோக, திங்களன்று வந்து பார்த்தால் அறை அடுப்பாக இருந்தது. ஆயினும் அந்தப் பெட்டியை விட்டுவிடவில்லை. கார்டுக்கு 24 ஜிபி நினைவகம் என்பதால் அன்றாடச் சோதனைகள் அதிலேயே முடிந்துவிடுகின்றன. முழுப் பயிற்சிக்கு மட்டும் வாடகைக்குப் போகிறேன்.

நொய்யல்கரை:
எட்டு நாள் பதிந்ததில் 27 சதவீதம் வந்தது. இரவுகளில் பெரும்பாலும் வேலையே இல்லை. யாரோ மூடாமல் விட்ட ஜுபிடர் நோட்புக் (நிரலை எழுதி ஓட்டிப் பார்க்கும் பக்கம்) ஒன்று நினைவகத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தது, அந்த யாரோ நான்தான். ஒரு மணி நேரம் சும்மா இருந்தால் தானாக அணையும்படி ஸ்கிரிப்ட் எழுதிவிட்டோம். மத்திய அரசின் இந்தியா ஏஐ மிஷன் தரும் மானிய விலை ஜிபியுவுக்கும் விண்ணப்பிக்கிறோம். பங்குதாரர் மட்டும் விலைப்புள்ளியை இன்னும் மேசையிலேயே வைத்திருக்கிறார்.