வேலையில் அடிபட்டால் இழப்பீட்டுத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? தென்னாப்பிரிக்கத் தமிழர்களின் அனுபவப் பகிர்வு

சாட்ஸ்வொர்த், டர்பன்

டர்பனின் தென்பகுதித் தொழிற்சாலைகளில் சம்பளக் கணக்குப் பிரிவில் நெடுங்காலம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கோயிலிலும் கலியாண வீடுகளிலும் என்னைக் காண்பவர்கள், "வேலையில் அடிபட்டதற்கு இவ்வளவுதான் வருமா?" என்று காசோலை விவரத்தைக் காட்டிக் கேட்பது வழக்கமாகிவிட்டது. பலருக்கும் பயன்படும் என்பதால் நான் அறிந்ததை இங்கே எழுதுகிறேன். மற்றவர்களும் தாங்கள் கண்டதைத் தொடர்ந்து எழுத வேண்டுகிறேன்.

நம் நாட்டில் இதற்கான சட்டம் 1993ஆம் ஆண்டின் 130ஆம் எண் சட்டம். 1994 மார்ச் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. முதலாளிகள் ஆண்டுதோறும் கட்டும் பணத்திலிருந்து இழப்பீட்டு நிதியம் தொகையை வழங்குகிறது. சுரங்கத் தொழிலுக்கும் கட்டுமானத் தொழிலுக்கும் உரிமம் பெற்ற தனிக் காப்பீட்டுச் சங்கங்கள் உள்ளன. தொழிலாளியின் சம்பளத்தில் இதற்காக ஒரு சென்ட்கூடப் பிடிப்பதில்லை. விபத்து யார் தவறால் நேர்ந்தது என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. அதற்கு ஈடாக, முதலாளிமேல் நீதிமன்றத்தில் நட்டஈட்டு வழக்குப் போடும் உரிமையைச் சட்டத்தின் 35ஆம் பிரிவு தடுத்துவிடுகிறது. வேறு வழியில் தொகை பெற முடியாத தொழிலாளிக்கு இந்தக் கணக்கு ஒன்றே கதி என்பதால், அது சரியாக இருக்க வேண்டும் என்பதில் எனக்கு மிகுந்த அக்கறை உண்டு.

நிரந்தர ஊனத்துக்கான தொகையை இரண்டு எண்கள் தீர்மானிக்கின்றன. ஒன்று ஊனத்தின் விழுக்காடு. மற்றொன்று விபத்து நடந்த காலத்து மாதச் சம்பளம். விழுக்காட்டுக்குச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை இருக்கிறது. பெருவிரல் முழுவதும் போனால் 25, ஆள்காட்டி விரலுக்கு 10, நடுவிரலுக்கு 8, மோதிர விரலுக்கு 6, சுண்டு விரலுக்கு 4, மணிக்கட்டோடு கை போனால் 50, ஒரு கண்ணின் பார்வை போனால் 30, இரு காதுகளும் முற்றிலும் கேளாமற்போனால் 50 என்று அது வரிசைப்படுத்துகிறது. ஊனம் 30 விழுக்காடோ அதற்குக் குறைவோ என்றால் ஒரே தடவையில் மொத்தத் தொகை கிடைக்கும்; 30 விழுக்காட்டுக்கு மாதச் சம்பளத்தைப்போல் 15 மடங்கு, அதற்குக் கீழே விகிதப்படி. 30ஐத் தாண்டினால் ஆயுள் முழுதும் மாத ஓய்வூதியம். 100 விழுக்காட்டுக்குச் சம்பளத்தில் 75 விழுக்காடு, குறைந்த ஊனத்துக்கு அதே விகிதத்தில் குறைவு. சம்பளத்துக்கு ஓர் உச்சவரம்பும் தொகைக்கு ஒரு குறைந்தபட்ச அளவும் அவ்வப்போது அரசிதழில் அறிவிக்கப்படுகின்றன.

எல்லோரும் விழுக்காட்டைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். நான் பார்த்தவரை பணம் கைநழுவிப் போவது பெரும்பாலும் இரண்டாவது எண்ணில்தான். அந்த எண்ணை மருத்துவரும் முடிவு செய்வதில்லை, பிரிட்டோரியாவில் இருக்கும் நிதியத்தின் அதிகாரியும் முடிவு செய்வதில்லை. விபத்தை அறிவிக்கும் படிவத்தை, நம்மவர்கள் டபிள்யூசிஎல் 2 என்று சொல்வதை, தொழிற்சாலை அலுவலகத்தில் நிரப்புகிறவர் எழுதும் எண்தான் கடைசிவரை நிற்கிறது.

அச்சகம் ஒன்றில் வேலை செய்த உறவினர் ஒருவருக்கு இயந்திரத்தில் நடுவிரல் முழுதாகப் போய்விட்டது. அவருக்கு வந்த தொகை 36,000 ராண்ட். கணக்கைத் திருப்பிப் போட்டுப் பார்த்தால், மாதச் சம்பளம் 9,000 ராண்ட் என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது தெரிந்தது: 9,000ஐ 15ஆல் பெருக்கினால் 1,35,000, அதில் முப்பதில் எட்டுப் பங்கு 36,000. அவருடைய சம்பளச் சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்தோம். அடிப்படைச் சம்பளத்துக்குக் கீழே சனிக்கிழமைக் கூடுதல் வேலை என்ற வரியும், இரவு ஷிப்ட் படி என்ற வரியும் ஒவ்வொரு சீட்டிலும் இருந்தன. இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய 3,000 ராண்ட், மாதம் தவறாமல். எப்போதாவது செய்யும் கூடுதல் வேலைக்கான கூலியையும், ஒரு முறை கொடுக்கும் அன்பளிப்பையும், செலவுக்காகத் திருப்பிக் கொடுக்கும் பணத்தையும் 63ஆம் பிரிவு சம்பளக் கணக்கிலிருந்து விலக்குகிறது. வழக்கமாக நடைபெறும் கூடுதல் வேலையை விலக்கவில்லை. ஆகவே 12,000 ராண்ட் என்பதே சரியான எண், 48,000 ராண்ட் என்பதே சரியான தொகை. முடிவு வந்த 180 நாள்களுக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்ற 91ஆம் பிரிவின்படி, ஓராண்டுச் சம்பளச் சீட்டுகளின் நகல்களையும் எங்கள் கணக்கையும் இணைத்து அனுப்பினோம். மீதித் தொகை வந்து சேர்ந்தது. விழுக்காட்டைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தைகூட எழுதவில்லை.

பீனிக்ஸ்

ஐயா எழுதியிருப்பது உண்மை. ஆனால் தையல் தொழிற்சாலையில் வேலை செய்யும் எங்களைப் போன்ற பெண்களுக்கு விழுக்காட்டிலும் சிக்கல் உண்டு. துணியை ஒட்டும் அழுத்து இயந்திரத்தில் என் வலக்கை அகப்பட்டுக்கொண்டது. விரல் எதுவும் துண்டாகவில்லை. இரண்டு விரல்கள் மடங்காமல் விறைத்துப் போயின. அட்டவணையோ விரலை இழப்பதைப் பற்றியே பேசுகிறது. உறுப்பின் பயன் முழுவதும் போய்விட்டால் அதை உறுப்பே போனதாக எடுத்துக்கொள்கிறார்கள். பயன் பாதி போயிருந்தால், முதுகு, தோள் போன்று அட்டவணையில் பெயரில்லாத காயங்களைப்போல, அட்டவணையின் போக்குக்கு முரண்படாத ஒரு விழுக்காட்டை அதிகாரியே நிர்ணயிக்கிறார். அவர் என் கையைப் பார்ப்பதில்லை. மருத்துவரின் இறுதி அறிக்கையை மட்டுமே பார்க்கிறார்.

முதலில் என்னைப் பார்த்த மருத்துவர் இறுதி அறிக்கையில் "விரல்களில் விறைப்பு" என்று மட்டும் எழுதிக் கையெழுத்திடப் போனார். என் அக்கா மகள் உடற்பயிற்சிச் சிகிச்சையாளராக இருப்பதால், ஒவ்வொரு மூட்டும் எத்தனை பாகை மடங்குகிறது என்று அளந்து எழுதச் சொல்லும்படி எனக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். நான் கேட்டதும் அவர் மறுப்புச் சொல்லாமல் கோணமானியை எடுத்து, விரல் மூட்டுகளில் ஒவ்வொன்றாக வைத்து அளந்து எழுதினார். அந்த எண்களைக் கொண்டுதான் என் விழுக்காடு தீர்மானிக்கப்பட்டது. மேலும், காயம் இனி மாறாது என்ற நிலைக்கு வந்த பிறகே இறுதி அறிக்கையில் கையெழுத்திட வேண்டும். அவசரப்பட்டுக் கையெழுத்திட்டுவிட்டால் தற்காலிக ஊனத்துக்காக மாதாமாதம் வரும் பணம் நின்றுவிடும். பிறகு மோசமாகும் பகுதி கணக்கில் ஏறாது.

அந்த மாதப் பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போக முடியாத காலத்தில் சம்பளத்தின் 75 விழுக்காடு கிடைக்க வேண்டும். முதல் மூன்று மாதங்களுக்கு அதை முதலாளியே கொடுத்துவிட்டு நிதியத்திடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டும். என் முதலாளி அதைக் கொடுக்காமல் என் நோய் விடுப்பைக் கழிக்கத் தொடங்கினார். இழப்பீடு கிடைக்க வேண்டிய நாள்களுக்கு நோய் விடுப்பைத் தொடக்கூடாது என்று வேலைவாய்ப்பு அடிப்படை நிபந்தனைகள் சட்டத்தின் 24ஆம் பிரிவு சொல்வதைத் தொழிற்சங்கப் பிரதிநிதி எடுத்துக் காட்டிய பிறகுதான் விடுப்பு நாள்கள் என் கணக்கில் மீண்டும் சேர்க்கப்பட்டன. மூன்று நாள்களிலோ அதற்குள்ளோ குணமாகிவிடும் சிறு காயத்துக்கு மட்டுமே இந்தப் பணம் கிடையாது.

லெனேசியா, ஜோகன்னஸ்பர்க்

என் மகன் எந்திரப் பொருத்துநர் பயிற்சியில் இருந்தபோது அவனுடைய ஆள்காட்டி விரல் போய்விட்டது. பயிற்சிக்காலத்து ஊதியம் சொற்பம். அதைக்கொண்டு கணக்கிட்டால் எவ்வளவு வந்திருக்கும் என்று நினைத்தாலே மனம் கசந்தது. ஆனால் பயிற்சியில் இருப்பவர்களுக்கும் 26 வயது நிரம்பாதவர்களுக்கும் நிரந்தர ஊன இழப்பீட்டை, அனுபவம் பெற்ற தொழிலாளி அதே வேலையில் ஈட்டும் சம்பளத்தைக் கொண்டே கணக்கிட வேண்டும் என்று 51ஆம் பிரிவு சொல்கிறது. இளம் வயதில் ஊனப்பட்டவன் ஆயுள் முழுவதும் அதே குறைந்த சம்பளத்தில் இருந்திருக்க மாட்டான் என்பதை உணர்ந்து எழுதிய பிரிவு அது. அதே தொழிற்சாலையில் தேர்ச்சி பெற்ற பொருத்துநர் வாங்கும் சம்பளத்தை எழுத்தில் தரும்படி மேற்பார்வையாளரிடம் கேட்டு வாங்கி, ஆவணங்களோடு சேர்த்தோம். இளைஞர்களின் பெற்றோர் இதைக் கட்டாயம் கேட்டு வாங்க வேண்டும்.

டோங்காட்

என் தாயார் பல ஆண்டுகள் வீட்டு வேலை செய்தவர். வீட்டுப் பணியாளர்களை இந்தச் சட்டம் நெடுங்காலம் தன் எல்லைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தது என்பதைப் பலர் இப்போது மறந்துவிட்டார்கள். பிரிட்டோரியாவில் ஒரே குடும்பத்தில் 22 ஆண்டுகள் வேலை செய்த மரியா மஹ்லாங்கு என்ற அம்மையார், 2012இல் அந்த வீட்டு நீச்சல் குளத்தில் மூழ்கி இறந்தார். அவருடைய மகள் சில்வியா தொடர்ந்த வழக்கில், அந்த விலக்கு அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று அரசியலமைப்பு நீதிமன்றம் 2020 நவம்பர் 19 அன்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு 1994 ஏப்ரல் 27 முதல் பின்னோக்கிச் செல்லும் என்றும் அறிவித்தது. அந்த மகள் விடாமல் போராடியிராவிட்டால் என் தாயாரைப் போன்றவர்களுக்கு எந்த உரிமையும் வந்திருக்காது.

வீட்டுப் பணியாளர்களின் கணக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முதலாளி கொடுக்கும் உணவின் மதிப்பும் தங்கும் அறையின் மதிப்பும் மாதச் சம்பளத்தோடு சேர்க்கப்பட வேண்டியவை. கையில் வாங்கும் ரொக்கத்தை மட்டும் படிவத்தில் எழுதிவிட்டால், அறையோடு வேலை செய்யும் பெண்ணின் தொகை பெருமளவு குறைந்துவிடும்.

கிளேர் எஸ்டேட்

ஐயா, எனக்கு ஓர் ஐயம். என் தம்பி வெல்டிங் வேலையில் ஒரு கண் பார்வையை இழந்தான். இப்போது அதே நிறுவனத்தில் வேறு வேலை கொடுத்திருக்கிறார்கள், சம்பளம் குறையவில்லை. சம்பளம் குறையாததால் இழப்பீடு கிடைக்காது என்று அலுவலகத்தில் ஒருவர் சொல்கிறார். அது சரிதானா?

சாட்ஸ்வொர்த், டர்பன்

தம்பி, அது சரியல்ல. நிரந்தர ஊன இழப்பீடு உடலுக்கு நேர்ந்த இழப்பைக் கொண்டு தீர்மானிக்கப்படுகிறது. திரும்ப வேலைக்குப் போனாரா, அதே சம்பளம் வாங்குகிறாரா என்பது அந்தத் தொகையை அழிக்காது. உங்கள் தம்பிக்கு 30 விழுக்காடு உண்டு. சம்பளம் உச்சவரம்புக்கு உட்பட்டதானால் மாதச் சம்பளத்தைப்போல் 15 மடங்கு ஒரே தொகையாக வர வேண்டும்.

இந்த 30 என்ற எல்லைக்கோட்டைப் பற்றி எனக்கு எப்போதுமே மனக்குறை உண்டு. 12,000 ராண்ட் சம்பளக்காரருக்கு 30 விழுக்காட்டில் 1,80,000 ராண்டோடு கணக்கு முடிந்துவிடுகிறது. 31 விழுக்காடு என்று வந்துவிட்டால் மாதம் 2,790 ராண்ட் உயிருள்ளவரை வரும். ஐந்தரை ஆண்டுகளுக்குள்ளேயே அந்த மொத்தத் தொகையைத் தாண்டிவிடும். ஆகையால் விழுக்காடு இந்தக் கோட்டுக்கு அருகில் நிற்கும்போது, கண்ணைத் தவிர வேறு காயம் ஏதும் அதே விபத்தில் பட்டதா, காது கேட்கும் திறன் குறைந்ததா, முகத்தில் பெரிய வடு உண்டா என்று மருத்துவ அறிக்கையைத் திரும்பப் பார்க்க வேண்டும். ஒரே காதின் கேட்கும் திறன் முழுவதும் போனதற்கு அட்டவணையில் 7 விழுக்காடு இருக்கிறது. கண்ணுக்குரிய 30ஓடு அது சேர்ந்தால் ஓய்வூதியம் கிடைக்கும் நிலை வரும். தொழிலின் தனித்தன்மையால் காயத்தின் விளைவு வழக்கத்துக்கு மீறிக் கடுமையாக இருந்தால் கூடுதல் விழுக்காடு தரவும் 49ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. நுணுக்கமான நகை வேலை செய்யும் ஆசாரி ஒருவர் பெருவிரலின் நுனியை இழப்பதும் காவலாளி ஒருவர் இழப்பதும் ஒன்றல்ல என்பதே அதன் கருத்து. அதைத் தாமாக யாரும் தருவதில்லை. தொழில் விவரத்தை எழுதிக் கேட்டால்தான் பரிசீலிப்பார்கள்.

இன்னொன்று. அந்த வெல்டிங் பட்டறையில் கண் கவசம் கொடுக்காமல் வேலை வாங்கினார்கள் என்றால், முதலாளியின் கவனக்குறைவுக்காக 56ஆம் பிரிவின்கீழ் கூடுதல் இழப்பீடு கோரலாம். வழக்குப் போட முடியாத இடத்தில் சட்டம் விட்டுவைத்திருக்கும் வாசல் அது ஒன்றுதான். விபத்து நடந்த நாளிலிருந்து 24 மாதங்களுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். உங்கள் தம்பிக்கு விபத்து நடந்த தேதியை முதலில் பார்த்துவிட்டு, அவருடைய கடைசி ஓராண்டுச் சம்பளச் சீட்டுகளையும் டபிள்யூசிஎல் 2 படிவத்தின் நகலையும் அலுவலகத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். படிவத்தில் எழுதியிருக்கும் சம்பளத்தை எனக்குத் தெரிவித்தால், வர வேண்டிய தொகையை நானே கணக்கிட்டு இங்கே எழுதுகிறேன்.