நோட்டு காலியாக இருக்கிறதே என்று பதறுகிறவர்களுக்கு: அமெரிக்க எலிமெண்டரி வகுப்பில் ஒரு வாரம்

அமெரிக்கா வந்து பிள்ளையைப் பள்ளியில் சேர்த்த முதல் மாதம், எல்லா வீட்டிலும் ஒரே புலம்பல்தான். பாடப்புத்தகம் வரவில்லை, நோட்டில் ஒன்றும் இல்லை, வீட்டுப்பாடம் பேருக்குத்தான். என்ன படித்தாய் என்று கேட்டால் "விளையாடினோம்" என்று பதில் வருகிறது. என் மகள் இரண்டாம் வகுப்பில் சேர்ந்தபோது மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நேரே டீச்சரிடம் போய்விட்டேன். அவர் வாதாடவில்லை. வாராவாரம் மெயிலில் அனுப்பும் நியூஸ்லெட்டரை எடுத்துக் காட்டினார். நான் ஒன்றைக்கூடத் திறந்து பார்த்திருக்கவில்லை.

அதனால் முதலில் அதைப் படியுங்கள். இந்த வாரம் என்ன கணக்கு, எந்தெந்த ஸ்பெல்லிங் வார்த்தைகள், லைப்ரரி எந்த நாள், பி.இ. எனும் உடற்பயிற்சி வகுப்பு எந்த நாள், எல்லாம் அதில் இருக்கும். லைப்ரரி நாளில் பழைய புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்காவிட்டால் பல பள்ளிகளில் புதியது கிடைக்காது. பி.இ. நாளில் ஷூ கட்டாயம். செருப்போடு போன பிள்ளை ஓரமாக உட்கார்ந்து வேடிக்கைதான் பார்க்கணும்.

அப்புறம் கணக்கு. 38-ஐயும் 27-ஐயும் கூட்டச் சொன்னால் நாம் என்ன செய்வோம்? எட்டும் ஏழும் பதினைந்து, ஐந்தைப் போட்டு மீதி ஒன்று. இங்கே இரண்டாம் வகுப்புப் பிள்ளை முப்பதையும் இருபதையும் சேர்த்து 50, எட்டையும் ஏழையும் சேர்த்து 15, ஆக 65 என்று போகும். சுற்றி வளைக்கிறார்களே என்று எரிச்சலாக வரும். 2010-இல் வெளியாகிப் பல மாநிலங்கள் எடுத்துக்கொண்ட காமன் கோர் பாடத்தரத்தில், நம்முடைய மீதி போடும் முறையில் சரளமாக வர வேண்டியது நான்காம் வகுப்பில்தான். அதற்கு முன்னால் பத்து, ஒன்று என்று எண்ணைப் பிரித்துப் பார்க்கப் பழக்குகிறார்கள். நான் அவசரப்பட்டு வீட்டில் நம் முறையைச் சொல்லிக்கொடுத்தேன். விடை சரியாகத்தான் வந்தது. "எப்படிச் செய்தாய் என்று காட்டு" என்று கேட்டிருந்த கட்டத்தை மட்டும் அவள் காலியாக விட்டுவிட்டு வந்தாள்.

எனக்குக் கண் திறந்தது ஒரு அவரை விதையால். திங்கட்கிழமை ஈரப் பேப்பர் டவலில் விதையைச் சுற்றி, ஜிப் பையில் போட்டு, ஜன்னல் கண்ணாடியில் டேப்பால் ஒட்டினார்களாம். தினமும் பார்த்துப் படம் வரையணும், ஒரு வரி எழுதணும், ஸ்கேல் வைத்து அளக்கணும். வெள்ளிக்கிழமை ஃபோல்டரில் அந்தத் தாள்கள் வந்தன. செவ்வாய்: "ஒன்றும் நடக்கவில்லை." புதன்: "குண்டாகிவிட்டது." வியாழன்: "தோல் கிழிந்துவிட்டது." வெள்ளி: "விதைக்கு வால் வந்தது, அரை இன்ச்." வால் என்பதற்கான ஆங்கிலச் சொல்லில் ஓர் எழுத்து குறைந்திருந்தது, டீச்சர் அதைத் தொடவே இல்லை. முதல் வரைவில் எண்ணம் தடைபடாமல் வரட்டும் என்று சிறு வகுப்புகளில் பல டீச்சர்கள் அப்படி விட்டுவிடுவார்கள். ஸ்பெல்லிங்கைத் தனியாகப் பார்த்துக்கொள்வார்கள். அறிவியல், எழுத்து, அளவை என்று மூன்று பாடம் அந்த ஒரு பைக்குள் நடந்திருக்கிறது. இவளோ அதை "விளையாடினோம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள்!

ப்ராஜெக்ட் வந்தால் தயவுசெய்து நீங்கள் செய்யாதீர்கள். ஷூ பெட்டிக்குள் ஒரு விலங்கின் வாழிடம் அமைக்கச் சொன்னார்கள். இரவு பன்னிரண்டு மணிவரை உட்கார்ந்து பஞ்சை ஒட்டி ஒட்டிப் பனிப்பாறை கட்டினேன், அழகாகவே வந்தது. மறுநாள் வகுப்பில் "பாறை ஏன் தண்ணீருக்குப் பக்கத்தில் இருக்கிறது?" என்று கேட்டிருக்கிறார்கள். அவளுக்கு எப்படித் தெரியும்? ரூப்ரிக் என்று ஒரு மதிப்பீட்டுத் தாள் வரும். அதில் 4-க்கு 3 இருந்தால் எழுபத்தைந்து மார்க் என்று கணக்குப் போடாதீர்கள். பெரும்பாலும் அந்த வகுப்புக்கு வேண்டியதைப் பிள்ளை செய்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

ஒரு பொருளைக் கொண்டுபோய் வகுப்பில் காட்டிப் பேசும் ஷோ அண்ட் டெல் நாளில், ஆங்கிலம் புதிதான பிள்ளை வாயே திறக்காமல் நிற்கலாம். சில வாரம், சில மாதம்கூட அப்படிப் போகும். கேட்டுக் கேட்டு உள்ளே சேர்த்துக்கொண்டிருக்கும், விடுங்கள். சேர்க்கும்போது வீட்டில் என்ன மொழி பேசுகிறீர்கள் என்று ஒரு படிவம் கேட்கும். பயந்துகொண்டு ஆங்கிலம் என்று எழுதிவிடாதீர்கள். தமிழ் என்று எழுதினால் ஒரு தேர்வு வைத்து, தேவைப்பட்டால் ஆங்கில உதவி வகுப்பு தருவார்கள். வேண்டாம் என்று மறுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. நான் மறுக்க மாட்டேன். இதற்காக வீட்டில் தமிழை நிறுத்தவும் வேண்டாம். பள்ளி சொல்வது உங்களுக்கே புரியவில்லை என்றால் மொழிபெயர்ப்பாளரைக் கேளுங்கள். இலவசமாக ஏற்பாடு செய்ய வேண்டியது பள்ளியின் பொறுப்பு.

இப்போதெல்லாம் நான் "இன்று என்ன படித்தாய்?" என்று கேட்பதே இல்லை. அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் "வால் எந்தப் பக்கமாக வந்தது?" என்று கேட்டேன். பையைக்கூடக் கழற்றாமல் தரையில் குந்தி, விரலை மடக்கி, விதை எப்படிக் கீழ்ப்பக்கமாக வளைந்தது என்று காட்டினாள்.