புதுப்பிப்பு: கோடியக்கரை போய் வந்தாச்சு

டிசம்பரில் கோடியக்கரையில் ஓரிரவு தங்கி வெளிமானும் பூநாரையும் பார்க்க முடியுமா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

வனத்துறையின் பூநாரை இல்லத்தில் எங்களுக்கு அறை கிடைக்கவில்லை. “வேதாரண்யத்தில் தங்கி, விடியலில் கிளம்புங்கள்” என்று ஒருவர் சொன்னதுதான் கைகொடுத்தது. சுமார் 10 கிலோமீட்டர்தான். வெயில் ஏறுமுன் புல்வெளியில் வெளிமான் கூட்டம். முறுக்குக் கொம்போடு கறுத்த ஆண் மான்கள் இரண்டு, எங்களைக் கண்டுகொள்ளவே இல்லை! பூநாரைகள் வெகு தொலைவில், இளஞ்சிவப்புக் கோடு மாதிரி. பைனாகுலர் இல்லாமல் போகாதீர்கள்.

எதிர்பாராதது மட்டக்குதிரைகள். வளர்ப்புக் குதிரைகளின் வழிவந்து காட்டில் திரிபவை. பிள்ளைகளுக்கு அதுதான் பிடித்தது. அப்புறம், மழைச்சேற்றில் கார் கொஞ்ச தூரம்தான் போனது, மீதி நடைதான்.